சதுரங்கக் காயின் அடித்துணி

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய ஆட்டம் என்பதை யாவரும் அறிவர். அதன் வரலாற்றை எழுதுவோர் ஆட்ட விதிகளைப் பற்றியும், அதில் ஈடுபட்ட அரசர்களைப் பற்றியும், வெற்றி கண்ட வீரர்களைப் பற்றியும் விரிவாக எழுதுவர். ஆடுவதற்குரிய காய்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. அக்காய்களின் அடிப்பாகத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் அவர்களிலும் சிலரே ஆவர்.

பழைய சதுரங்கப் பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு காயை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினால், அதன் அடியில் வட்டமாக வெட்டி ஒட்டப்பெற்ற துணி ஒன்றைக் காணலாம். பெரும்பாலும் அது பச்சை நிறமாக இருக்கும். ஃபெல்ட் என்று ஆங்கிலேயர் வழங்கும் கம்பளித்துணி அது. நாம் அதனை அடித்துணி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுகள் பல கழிந்தபின் இத்துணி நைந்தும், பூச்சி அரித்தும், ஒருபுறம் உரிந்தும் போய்விடுகிறது. உரியவர் அதனைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத்துணி ஒட்டுகிறார். கால்மணி நேரத்து வேலை. ஆயினும் அந்தச் சிறு வட்டத்துக்குப் பின்னே இரு கண்டங்களின் பழக்க வழக்கங்கள் அடங்கியிருக்கின்றன. அதன் மறைவிலோ, இன்று நம் நாட்டில் நின்றுபோன ஒரு கைத்தொழிலின் அடையாளங்கள் இருக்கக்கூடும். அவற்றை அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, காயைப் புதுப்பித்து அதன் வரலாற்றை அழித்துவிடும். இதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இப்பொருளை ஆராய்வதற்குப் பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி மிகவும் பொருத்தமான இடம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே மலையை நோக்கிச் சென்றால், அகத்தியமலையின் அடிவாரத்தில், நெய்யாற்று அணையின் பக்கத்தில் அம்பூரி என்னும் ஊரை அடையலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பெற்றன. அப்போது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி, மக்களின் பேச்சைப் பிரிக்கவில்லை. தமிழும் மலையாளமும் இன்றும் அங்கே கலந்து வழங்குகின்றன. சதுரங்கம் என்னும் சொல் இரு மொழிகளுக்கும் பொதுச்சொத்து.

இந்த நாட்டுப்புறத்தின் மூன்று இயல்புகள் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையவை. முதலாவது, மலைக்காட்டு மரங்கள். தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகிய நான்கும் எவர் நிலத்தில் வளர்ந்தாலும் அரசுக்கே உரியவை என்று திருவிதாங்கூரில் ஒதுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் கருங்காலியும் ஈட்டியும் சதுரங்கத்தின் கருநிறக் காய்களுக்கு மிகவும் உகந்தவை. இரண்டாவது, திருவனந்தபுரத்தில் அரசரின் ஆதரவில் வளர்ந்த தந்தச் செதுக்குக்கலை. மூன்றாவது, மழை. இடவப்பாதியும் துலாவருஷமும் ஆக இரு பருவமழைகளைப் பெறும் மலையடிவாரம் அது. ஆண்டில் பாதிக்கு மேல் ஈரங் குடிகொள்ளும் வீடுகளில் கம்பளியும் பசையும் எத்தனை நாள் நிலைக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காய் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு கெடுகிறது என்ற இரண்டையும் இவ்விடத்தை நினைவிற் கொண்டே பார்க்கலாம்.

முதலில் ஒரு வினா எழுகிறது. இந்தியாவிலே, இந்திய முறையில் ஆடுவதற்கென்று செய்யப்பட்ட பழைய காய்களுள் பலவற்றுக்கு அடித்துணியே இருப்பதில்லை. சதுரங்கம் இங்கேதான் தோன்றிற்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்திலேயே சதுரங்கத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மன்னார்குடிக்கு அருகேயுள்ள திருப்பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கிறார். அரசிளங்குமரியாகப் பிறந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் கதை. இவ்வளவு பழமையான மரபில் அடித்துணி ஏன் தோன்றவில்லை?

விடை நம் வீடுகளின் தரையில் இருக்கிறது. நம் முன்னோர் மேசைமேல் வைத்து ஆடவில்லை. பாயோ சமுக்காளமோ விரித்து, எதிரெதிரே அமர்ந்து ஆடினர். பல இடங்களில் ஆட்டப் பலகையே பலகையாக இருக்கவில்லை, துணியாக இருந்தது. ஒரே நிறத் துணியின்மேல் கோடுகள் தைத்து 64 கட்டங்களை அமைத்தனர். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்களை மாற்றி மாற்றி வண்ணமிடும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. நம்முடைய பழைய அரங்குக்கு அது தேவைப்படவில்லை. ஆட்டம் முடிந்ததும் துணியைச் சுருட்டி வைத்துவிடலாம். அதன்மேல் நின்ற காய்களும் அதற்கேற்றவையாகவே இருந்தன. உயரங் குறைந்து, அடி அகன்று, கவிழ்த்த கிண்ணம் போலவும் காளான் போலவும் கடைந்தெடுக்கப்பட்டவை பல. அவற்றுள் ஈயம் வைத்துப் பாரமேற்ற வேண்டிய தேவை இல்லை. மெத்தென்ற துணியின்மேல் நகரும் காய்க்குத் தனியாக ஒரு துணி எதற்கு?

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே ஆட்டம் நடந்தது நாற்காலியும் மேசையும் இட்ட அறையில். பலகை மரத்தால் ஆனது. பலமுறை மெருகு தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கப்பட்டது. அதன்மேல் வெறுங்காயை நகர்த்தினால் கீறல் விழும், வைக்கும்போதெல்லாம் ஓசை எழும், வழுக்கவும் செய்யும். ஆகவே அங்கே துணி காயின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டில் அரங்கின்மேல் விரிந்திருந்த துணி, மேனாட்டில் முப்பத்திரண்டு சிறு வட்டங்களாகிக் காய்களின் அடியில் ஒட்டிக்கொண்டது என்று கொள்வதில் தவறில்லை.

இவ்விரு முறைகளும் நம் நாட்டில் சந்தித்த காலம் 19ஆம் நூற்றாண்டு. அச்சந்திப்பில் தென்னாட்டாருக்கும் பங்கு உண்டு. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் பண்டிதர் ஐரோப்பிய முறைக்கு ஏற்பச் சதுரங்க நிலைகளைத் தொகுத்து வடமொழியில் எழுதிய நூல், ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1814ஆம் ஆண்டு பம்பாயில் வெளிவந்தது. சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்பவரும், சென்னை அரசாங்கப் பணியில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன் என்பவரும் சேர்ந்து எழுதிய மற்றொரு நூல் 1829இல் சென்னையில் அச்சாயிற்று. சென்னையும் ஐதராபாத்தும் கடிதப் போக்குவரத்து மூலம் ஆடிய இரண்டு ஆட்டங்கள் அதில் இடம்பெற்றன. இந்திய விதிகளும் ஐரோப்பிய விதிகளும் அக்காலத்தில் வேறு வேறாக இருந்தன. விதி மாறியபோது காயும் மாறிற்று, தரை மேசையாயிற்று.

காயின் மாற்றத்துக்கு ஒரு திட்டவட்டமான நாளும் உண்டு. 1849ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், நத்தானியேல் குக் என்பவர் லண்டனில் ஒரு காய் வடிவத்தைப் பதிவு செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜாக்கஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரராகிய ஹோவர்டு ஸ்டான்டனின் பெயரை அதற்குச் சூட்டினர். இன்று உலகெங்கும் போட்டிகளில் வழங்கும் வடிவம் இதுவே. அரசன் காயின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர் என்றும், அடியின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கவேண்டும் என்றும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. இவ்வளவு உயர்ந்த காய் கவிழாமல் நிற்க, நல்ல காய்களின் அடியைக் குடைந்து ஈயத்தை இட்டு நிரப்பினர். அந்த ஈயத்தை மூடுவதற்கும் மேசையைக் காப்பதற்குமாக அதன்மேல் துணியை ஒட்டினர். அடித்துணி இவ்வாறு காயின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

பதிவு நடந்து இரண்டாண்டு கழித்து, 1851இல், லண்டன் ஹைடு பூங்காவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. கண்காட்சிக்கு உலகத்தார் கூடிய அதே கோடையில், முதல் அனைத்துலகச் சதுரங்கப் போட்டியையும் அந்நகரில் நடத்தினர். பதினாறு பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் ஜெர்மானியராகிய அண்டர்சன் வென்றார். அதே கண்காட்சியில், திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிங்காதனம் வைக்கப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்துச் சிற்பிகளின் கைவேலை அது. இன்றும் விண்ட்சர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கு ஒரு நாள் நடைத்தொலைவில் இருந்த பட்டறையின் உளி வேலை, ஸ்டான்டன் காய்கள் புகழ்பெறத் தொடங்கிய அதே ஊரில், அதே ஆண்டில் காட்சிக்கு நின்றது. நம் நாட்டுக் கடைசற்காரரும் தந்தச் சிற்பிகளும் மேனாட்டார் விரும்பும் வடிவங்களைச் செய்து கொடுக்கத் தொடங்கிய காலம் அது. வங்காளத்து முர்ஷிதாபாத் பகுதியிலும், விசாகப்பட்டினத்திலும் ஐரோப்பியருக்கென்றே தந்தச் சதுரங்கக் காய்கள் செய்யப்பட்டன. பிற்காலத்தில் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரம் மரக்காய்களுக்குப் பெயர் பெற்றது. உலகில் இன்று விற்கும் நல்ல மரக்காய்களுள் கணிசமானவை அங்கிருந்தே செல்கின்றன.

இனி, துணியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. ஆட்டு மயிரை நுண்காட்டியில் வைத்துப் பார்த்தால், அதன்மேல் மீனின் செதில் போன்ற அடுக்குகள் தெரியும். ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு பிரிக்கமுடியாதபடி இறுகிவிடும். பாவும் ஊடும் இல்லாமலே ஒரு தகடு கிடைக்கும். காசுமீரத்திலும் இராஜஸ்தானத்து டோங்க் நகரிலும் நமதா என்ற பெயரில் செய்யப்படும் விரிப்புகள் இவ்வகையினவே. பழைய ஐரோப்பியக் காய்கள் பலவற்றின் அடியில் இருப்பதோ வேறொரு துணி. கம்பளி நூலால் நெய்து, மேற்பரப்பில் மயிர் எழும்படி செய்யப்பட்டது அது. பில்லியர்ட்ஸ் மேசையின்மேல் விரிப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. 1875இல் ஜபல்பூர்ப் படைவீரர்களிடையே ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்து, பின்னர் உதகமண்டலத்து மன்றத்தில் அதன் விதிகள் ஒழுங்குபட்டன என்பது வரலாறு. அத்தகைய மன்றங்கள் இருந்த இடமெல்லாம் பச்சைக் கம்பளித்துணியும் இருந்தது. இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெட்டுவிளிம்பை நோக்கினால், நெய்த துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தோன்றும். ஃபெல்டில் இழையொழுங்கே தோன்றாது. பழைய துணி எவ்வகை என்று அறிந்த பின்னரே புதியதைத் தேடவேண்டும்.

துணியின் வகையைக் காட்டிலும் முக்கியமானது, துணி மறைத்துக்கொண்டிருக்கும் பரப்பு. ஒரு காயின் தலையும் கழுத்தும் ஆடுவோர் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. மெருகும் வண்ணமும் அங்கே கருவியின் தடங்களை அழித்துவிடுகின்றன. அடிப்பாகமோ எவரும் பாராத இடமாதலால், கைவினைஞன் விட்ட தடம் விட்டபடியே இருக்கும்.

நம் நாட்டுப் பழைய கடைசல் பொறியில், இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே மரத்தைப் பொருத்தி, வில்லாலோ வாராலோ முன்னும் பின்னுமாகச் சுழற்றுவர். அவ்வாறு கடைந்த காயின் அடி நடுவில் முனை பதிந்த சிறு குழி காணப்படலாம். ஒரே திசையில் சுழலும் பொறியில், ஒரு பக்கம் மட்டுமே பற்றிப் பிடித்துக் கடைந்த காயில் தடம் வேறுவிதமாக இருக்கும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணமேற்றுவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அத்தகைய முறையில் வண்ணமேற்றிய காயின் அடியில் பெரும்பாலும் அரக்கு ஏறுவதில்லை; மரத்தின் உண்மை நிறமும் இழையும் அங்கேதான் தெரியும். காய் கருங்காலியா, கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு மரமா என்பதையும் அடியைப் பார்த்தே துணியலாம்.

தந்தக் காயானால் அடிப்பாகம் இன்னும் மிகுதியாகப் பேசும். தந்தத்தை நீளவாக்கில் வைத்துக் கடைவதால், காயின் அடி தந்தத்தின் குறுக்குவெட்டாக அமைகிறது. அதில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் வலைபோல் தோன்றும். எலும்பில் அவை இல்லை. அதற்குப் பதிலாகச் சிறு கருநிறப் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். செல்லுலாயிடு போன்ற செயற்கைப் பொருளில் இவ்விரண்டும் இரா. தந்தத்தின் புறவோரத்தில் அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம் 115 பாகைக்கு மேற்பட்டால் இன்றைய யானையின் தந்தம் என்றும், 90 பாகைக்குக் குறைந்தால் அழிந்துபோன மம்மத யானையின் தந்தம் என்றும் ஆய்வாளர் கொள்வர். இவ்வளவு சான்றும் ஒரு வட்டத் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கக்கூடும்.

பாரிசு நகரின் தேசிய நூலகத்தில், சார்லமேன் பேரரசருக்கு உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்ட தந்த யானை ஒன்று இருக்கிறது. சதுரங்கக் காய் என்றே பலரும் அதனைக் கொண்டு வந்தனர். அதன் அடிப்பாகத்தில், யூசுஃப் அல்பாஹிலி என்பவருடைய வேலை என்று பொருள்படும் அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செய்தவன் பெயரைத் தாங்கி நிற்பது அவ்வடிப்பாகமே. அதன்மேல் ஒருவர் கெட்டியான பசை தடவித் துணி ஒட்டியிருந்தால், அல்லது சமப்படுத்துவதாக எண்ணி உப்புத்தாளால் தேய்த்திருந்தால், அப்பெயர் என்னவாகியிருக்கும்?

இக்கவலை நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்தத்தின் வாணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தின் வாணிகத்தையும் தடைசெய்தன. யானைகளைக் காப்பதற்கு இச்சட்டங்கள் இன்றியமையாதவை. அவற்றை நாம் வரவேற்கவே வேண்டும். எனினும், அவற்றோடு திருவனந்தபுரத்துத் தந்தச் சிற்பிகளின் தொழிலும் முடிவுக்கு வந்தது. கைகள் மரத்துக்கும் பிற பொருள்களுக்கும் திரும்பின. தந்தத்தைக் கையாண்ட முறையை இனி ஒரு சிற்பி மாணவனுக்குச் செய்து காட்டப்போவதில்லை. அவர்கள் எவ்வாறு வேலை செய்தார்கள் என்பதைச் சொல்லக்கூடியவை, எஞ்சியிருக்கும் பொருள்கள் மட்டுமே. அவற்றின் அடிப்பாகங்களும் நம் கைப்பிழையால் அழிந்தால், அறிவு முற்றும் அழிந்ததாகும். பழந்தந்தப் பொருளை வைத்திருப்போர் அதனை விற்கவோ வாங்கவோ கூடாது என்பதையும், உரிமைச் சான்று பற்றி வனத்துறையிடம் கேட்டறிய வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுவது தகும்.

அடித்துணி எவ்வாறு கெடுகிறது என்பதைப் பார்ப்போம். அம்பூரி போன்ற மலையடிவார ஊரில் முதற்பகைவன் ஈரம். ஈரத்தால் பசை இளகும். துணியில் பூஞ்சை படரும். இரண்டாம் பகைவன் பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவும், கம்பளி அரிக்கும் சிறுவண்டின் புழுவும் ஆட்டு மயிரை உணவாகக் கொள்பவை. பசையிலுள்ள மாவுக்கும் விலங்குப் பசைக்கும் வேறு பூச்சிகள் வரும். பரணில் இருட்டில் பல ஆண்டு கிடந்த பெட்டி அவற்றுக்கு ஏற்ற வீடு. மூன்றாம் பகைவன் உள்ளிருந்து வருவது. மரத்திலிருந்து மெல்ல வெளிப்படும் புளிப்பு ஆவியும் ஈரமும் சேர்ந்து ஈயத்தைத் தாக்கும். ஈயம் வெண்ணிறப் பொடியாக மாறிப் பருக்கும். பருத்தால் காயின் அடி வெடிக்கும். துணி ஒருபுறம் புடைத்து மேலெழுவது சிலபோது இதன் அறிகுறியாகும். இத்தகைய காயில் வெறுந்துணியை மாற்றுவதால் பயனில்லை. ஈயத்தின் நிலையை முதலில் அறிந்தோரிடம் காட்டவேண்டும். ஈயப்பொடி நஞ்சு. அதனைத் தேய்ப்பதும் ஊதுவதும் ஆகா; குழந்தைகளை அருகே விடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பச்சைச் சாயங்கள் சிலவற்றில் பாடாணமும் கலந்திருந்ததாதலால், மிகப் பழைய துணியின் தூசியையும் மூக்கிற்கு அண்ட விடாதிருப்பது நலம்.

இனிப் புதுத்துணி ஒட்டும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதல் வினா, மாற்றத்தான் வேண்டுமா என்பது. துணி நைந்திருந்தாலும் காயோடு ஒட்டியிருந்தால், ஓரத்தில் உரிந்த இடத்தை மட்டும் சிறிது பசையிட்டு அழுத்திவிடலாம். முதலில் ஒட்டிய துணி இருக்குமாயின் அதுவும் காயின் ஒரு பகுதியே. பெட்டியைக் காட்சிக்கு மட்டும் வைத்திருப்போர் அதனைத் தொடாமல் விடுவதே மேல். நாள்தோறும் ஆடுவோருக்குத்தான் புதுத்துணி தேவைப்படும்.

எடுக்க முடிவு செய்தால், ஒவ்வொரு காயின் அடியையும் முதலில் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளவேண்டும். மெல்லிய தட்டைக் கத்தியைத் துணிக்கும் மரத்துக்கும் இடையே படுக்கவைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தள்ளவேண்டும். பழைய தச்சர்கள் வழங்கிய வச்சிரம் நாளாவட்டத்தில் நொறுங்கும் தன்மையை அடைவதால், பெரும்பாலும் உலர்ந்த நிலையிலேயே விட்டுவிடும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால், மரக்காயானால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தால் வச்சிரம் இளகும். தந்தத்துக்கும் எலும்புக்கும் இம்முறை ஆகாது. ஈரத்தால் அவை முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அரக்கு மெருகிட்ட காயில் ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. அரக்கு அதில் கரைந்துபோகும். எடுத்த துணியை எறியாமல், எந்தக் காயுடையது என்று எழுதி ஓர் உறையில் இடவேண்டும்.

துணி நீங்கியதும் நல்ல வெளிச்சத்தில் அடியை நோக்கவேண்டும். முனைக்குழி, பென்சிற்குறி, எண், ஒட்டிய காகிதம், முன்னொரு காலத்துத் துணியின் இழை ஆகிய எது இருந்தாலும் எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். அப்பரப்பை உப்புத்தாளால் தேய்க்கலாகாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பிறகு, காயின் அடியைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அக்கோட்டுக்குச் சிறிது உள்ளடங்கிப் புதுத்துணியை வெட்டவேண்டும். துணி விளிம்புக்கு வெளியே நீட்டினால் நகர்த்தும்போது மடிந்து உரியும். தூய கம்பளியால் ஆன மெல்லிய ஃபெல்ட் நல்லது. ஒரு மில்லிமீட்டர்க் கனம் போதுமானது. எல்லாக் காய்களுக்கும் ஒரே கனமுள்ள துணியையே வெட்டவேண்டும். இல்லையெனில் ஒத்த காய்களின் உயரம் வேறுபட்டுத் தோன்றும்.

பசையைத் தேர்வதில் ஒரே ஒரு விதியை நினைவிற் கொண்டால் போதும். நாளை மற்றொருவர் காயைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும். மரக்காய்க்கு வச்சிரமோ, நன்றாகக் காய்ச்சிய மாவுப்பசையோ ஏற்றது. பசையை நீர்க்கவிடாமல் கெட்டியாகக் காய்ச்சி, காயின்மேல் தடவாமல், துணியின்மேல் மெல்லியதாகத் தடவி, சற்று உலர்ந்தபின் அழுத்தவேண்டும். மிகுதியாகத் தடவினால் துணியினூடே ஊறி மேலே கறைபடும். நொடியில் இறுகும் இக்காலப் பசைகளும், நாளடைவில் பழுப்பேறிப் பிசுபிசுக்கும் ரப்பர்ப் பசைகளும் பழங்காய்களுக்குத் தகா. புத்தகம் கட்டுவோர் பூச்சியை விலக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. ஈயத்தைத் தொடும் இடத்தில் அதனைத் தவிர்க்கவேண்டும், ஏனெனில் அது உலோகத்தை அரிக்கும். தந்தக் காய்களுக்கு ஒட்டாமலே இருப்பது சிறந்தது. அவற்றை ஆட விரும்புவோர், நம் முன்னோரைப் போல அரங்கின்மேல் ஒரு துணியை விரித்துக்கொள்ளலாம். காயும் பலகையும் ஒருங்கே காப்பாற்றப்படும். பழைய இந்தியக் காய்களுக்கும் இதுவே முறை. அவற்றுக்கு இல்லாத அடித்துணியை நாம் புதிதாக ஒட்டினால், மேசைக்கென்று செய்த காய் என்று பின்வருவோர் தவறாக எண்ண இடமாகும்.

ஒட்டியபின் காய்களைச் சமமான பலகையின்மேல் நிறுத்தி ஒருநாள் உலரவிடவேண்டும். மழைக்காலத்தில் இவ்வேலையை மேற்கொள்ளாதிருப்பது நல்லது. இடவப்பாதி தொடங்குமுன் உள்ள உலர்ந்த மாதங்களே ஏற்ற காலம். பெட்டியைப் பரணில் ஏற்றாமல் காற்றோட்டமான அலமாரியில் வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்த்தால், அந்துப்பூச்சிக்கு இடமிராது.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது 18ஆம் வயதில் உலக வாகை சூடினார். ஆட்டத்தில் நம் இளைஞர் உலகின் முன்வரிசையில் நிற்கின்றனர். ஆட்டத்தின் கருவிகளை ஆராயும் துறையில் நாம் இன்னும் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அமிர்தசரஸிலும் ஏட்டிகொப்பாக்காவிலும் திருவனந்தபுரத்திலும் பல தலைமுறை உழைத்த கைவினைஞருள் பெரும்பாலோர் தம் பெயரைக் காய்களில் எழுதவில்லை. அவர்களை அடையாளங் காண நமக்குக் கிடைத்திருப்பவை கடைசல் தடமும், முனைக்குழியும், மரத்தின் இழையுமே. அம்பூரியிலோ, எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டிலோ, ஒரு வீட்டில் பழைய சதுரங்கப் பெட்டி இருக்குமாயின், அதன் உரிமையாளர் கிழிந்த துணியை உரிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று, கீழே இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வாராக. துணி மாற்றிய நாளையும், வழங்கிய பசையின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, பழைய துணிகள் இருக்கும் உறையோடு பெட்டியிலேயே வைப்பாராக. அடுத்த தலைமுறையில் அதே வேலையைச் செய்ய அமர்பவருக்கு அச்சீட்டு பெரிதும் பயன்படும்.